மைலேஜ் எங்கே போச்சு? 800 காரின் சரித்திரமும் கணக்கும்

எங்க மருங்காபுரி பக்கம் இப்ப ஒரு பேச்சு ஜாஸ்தியா இருக்கு. பழைய கார் வச்சிருக்கிறவர் யாரைக் கேட்டாலும், "வண்டி பெட்ரோலைக் குடிக்குதுங்க" என்கிறார். ஏன்னு கேட்டா ஒரே பதில்தான்: "எத்தனால்!" டீக்கடையிலயும் அதுதான், ஒர்க்‌ஷாப்பிலயும் அதுதான். பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்களும் போன் பண்ணினா அதையேதான் சொல்றாங்க.

எத்தனால் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா எவ்வளவு பெரிய காரணம்? லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடின வண்டி 11-க்கு இறங்கினா, அந்த 5 கிலோமீட்டரும் எத்தனாலாலதான் போச்சா? இதுக்குப் பதில் வேணும்னா அந்தக் கார் எந்தக் காலத்துல, எந்தப் பெட்ரோலுக்குச் செஞ்சது, அதுக்கு மைலேஜ் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் தெரியணும். வந்த வழி தெரிஞ்சாத்தான் போன வழி தெரியும். அதனால இன்னைக்குக் கொஞ்சம் சரித்திரம் பேசுவோம்.

நான் பேசப்போறது மாருதி 800 பற்றி. கிராமத்துல இன்னும் ஓடுற பழைய சின்னக் கார் என்றால் பெரும்பாலும் இதுதான். ராத்திரி ஒரு மணிக்குப் பிரசவ வலி எடுத்தா மணப்பாறைக்கு ஓடுறதும் இதுதான். ஆட்டுக்குட்டி, உர மூட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாத்துக்கும் இதுதான். இந்த வண்டியை விட்டுட்டா அடுத்த கார் வாங்க எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வசதி இல்லை. அதனால இதன் மைலேஜ் எங்களுக்கு வெறும் பெருமைப் பேச்சு இல்லைங்க, மாசக் கணக்கு.

கரியில் ஓடிய பஸ்

பெட்ரோலுக்குப் பதிலா வேற எதையோ இஞ்சினுக்குக் கொடுக்கிறது இன்னைக்கு வந்த பழக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்துல பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சு. ராணுவத்துக்குப் போக மீதிதான் ஜனங்களுக்கு. அப்ப நம்ம ஊர் பஸ்களை ஓட வச்சது அடுப்புக்கரி. பஸ்ஸின் பின்பக்கம் பெரிய உருளை மாதிரி ஒரு அடுப்பு இருக்கும். கரியைக் குறைவான காற்றில் எரிச்சா கார்பன் மோனாக்சைடு கலந்த ஒரு வாயு வரும். அதை வடிகட்டி இஞ்சினுக்கு அனுப்புவாங்க. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இதற்காகவே 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று ஒரு கருவியைச் செய்து விற்றது.

கரி பஸ் மேடு ஏறத் திணறும், ஆளுங்க இறங்கித் தள்ளணும்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன். அதுல ஒரு பாடம் இருக்கு. இஞ்சின் அதேதான், டிரைவரும் அதேதான், ஆனா உள்ளே போன எரிபொருளில் சத்து கம்மி. தீவனத்துல சத்து குறைஞ்சா பால் குறையிற மாதிரிதான். அப்ப யாரும் மெக்கானிக்கைத் திட்டல, ஏன்னா கரி அடுப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. இப்ப கலக்கிற எத்தனால் கண்ணுக்குத் தெரியாது. அதான் வித்தியாசம்.

சுதந்திரம் வந்த மறுவருசமே, 1948-ல், 'இந்தியன் பவர் ஆல்கஹால் ஆக்ட்' என்று ஒரு சட்டம் வந்துச்சு. பெட்ரோலோட ஆல்கஹால் கலக்கிறதுக்கான சட்டம். அதாவது இந்த யோசனைக்கே வயசு எழுபத்தஞ்சுக்கு மேல. ஆனா அப்புறம் வளைகுடா எண்ணெய் மலிவா வந்ததால அதை யாரும் பெரிசா எடுத்துக்கல.

1973: மைலேஜ் என்ற சொல்லுக்கு மரியாதை வந்த வருசம்

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் வந்தது. எண்ணெய் நாடுகள் சப்ளையைக் குறைத்தன. சில மாசத்துலயே கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் சுமார் 3 டாலரில் இருந்து 12 டாலருக்குப் பக்கம் போனது. இங்கேயும் பெட்ரோல், மண்ணெண்ணெய் விலை ஏறிச்சு. அதைக் கண்டிச்சு அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். மாட்டுச் சந்தைக்குப் பேர் போன மணப்பாறைக்காரங்களுக்கு அந்தச் செய்தி நல்லாவே பிடிச்சிருக்கும்.

அதுவரைக்கும் இந்தியாவுல கார் என்றால் அம்பாசடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. அம்பாசடர் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தாலே சந்தோசம். ஆயிரம் கிலோவைத் தாண்டின எடை, பழைய ஆங்கிலேய இஞ்சின். கார் வச்சிருக்கிறவன் பணக்காரன், அவன் மைலேஜ் கேட்கமாட்டான் என்ற காலம் அது. 1973-க்குப் பிறகு உலகம் முழுக்க அந்த நினைப்பு மாறிச்சு. ஜப்பான்காரன் செஞ்ச சின்ன, எடை கம்மியான கார்களுக்கு அமெரிக்காவிலேயே கிராக்கி வந்தது. இங்கே 1978-ல் எண்ணெய்ச் சிக்கனத்துக்கென்றே பி.சி.ஆர்.ஏ. என்ற அமைப்பை அரசு உருவாக்கியது. சிக்னலில் இஞ்சினை அணைங்க, டயரில் காற்று பாருங்கன்னு ரேடியோவிலும் டி.வி.யிலும் சொன்னாங்களே, அவங்கதான்.

ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது

மைலேஜ் ஒரு கம்பெனியை வாழ வைக்கும், சாகவும் வைக்கும் என்பதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கு. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1960-களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செஞ்சவங்க. அவங்க 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தாங்க. மேலே இங்கிலாந்தின் ரோவர் காரின் அழகான உடம்பு. உள்ளே சுமார் 2,000 சி.சி. பழைய காலத்து இஞ்சின். பெரிய உடம்பை இழுக்க அந்த இஞ்சின் பட்ட பாட்டில் பெட்ரோல் தண்ணியாச் செலவாச்சு. விலையும் அதிகம். வாங்க ஆள் இல்லாமல் 1988-லேயே உற்பத்தி நின்னுபோச்சு. அதோட அந்தக் கம்பெனியும் எழுந்திரிக்கல.

அதே நேரத்துல வடக்கே நேர்மாறான கதை. மாருதி உத்யோக் 1981 பிப்ரவரியில் அரசு நிறுவனமாகத் தொடங்கியது. அதைத் தலைமை தாங்கி நடத்தியவர் வி. கிருஷ்ணமூர்த்தி. தஞ்சை மண்ணில் கருவேலியில் பிறந்தவர். அதற்கு முன்பு நம்ம திருவெறும்பூர் பெல் பாய்லர் ஆலையில் பொறுப்பில் இருந்து அதை வளர்த்தவர். திருச்சிக்காரங்க மாருதியைச் சொந்தம் கொண்டாட இது ஒண்ணு போதும். பெட்ரோல் சிக்கனமான வண்டி செய்யணும் என்பது அந்த நிறுவனம் தொடங்கும்போதே வச்ச நோக்கங்களில் ஒன்று. 1982-ல் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார்.

796 சி.சி., 3 சிலிண்டர். எடை 650 கிலோவை ஒட்டி. 12 அங்குலச் சின்னச் சக்கரம், ஒல்லி டயர். பார்த்தவங்க "இது காரா, தீப்பெட்டியா" என்று சிரிச்சாங்க. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கிற வரைக்கும் 25 லட்சத்துக்கு மேல் செஞ்சாங்க. 2010-ல் சென்னை உட்பட 13 பெரிய நகரங்களில் புகை விதி கடுமையாக்கப்பட்டதால அங்கே விற்பனை நின்றது. பட்டணத்தில் கைவிட்ட வண்டியெல்லாம் கைமாறி கைமாறி எங்களை மாதிரி ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

மைலேஜ் வந்த வழி, போகிற வழி

இப்ப விசயத்துக்கு வருவோம். 800-க்கு மைலேஜ் மந்திரத்தால வரல. எடை கம்மி, உருளும்போது இழுவை கம்மி, பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்தது, இஞ்சின் சரியான சூட்டில் ஓடியது. இந்த நாலும்தான். மைலேஜ் போனாலும் இந்த நாலில் ஒரு வழியாத்தான் போயிருக்கும்.

முதல்ல எடையும் இழுவையும். ஜப்பான்காரன் கிராம் கிராமா எண்ணிக் குறைச்ச எடையை நம்ம ஆளுங்க முன்னால இரும்புக் கம்பி, மேல கேரியர், அகல டயர் என்று போட்டுத் திரும்ப ஏத்திட்டாங்க. பெரிய டயர் போட்டா இன்னொரு கூத்து உண்டு. சக்கரம் ஒரு சுற்றில் போகிற தூரம் கூடும், ஆனா மீட்டருக்கு அது தெரியாது. நிஜமா 105 கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டர் 100 என்று காட்டும். மைலேஜ் குறைஞ்ச மாதிரி கணக்கு வரும்.

பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுறது கிராமத்து வண்டிகளுக்கு வரும் பெரிய வியாதி. வெகுநாள் நின்ன வண்டியில் பின்சக்கர டிரம்முக்குள் துரு ஏறி, ஷூ முழுசாத் திரும்பாது. இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிட்டு வந்து, நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல கையை வச்சுப் பாருங்க, தொடவேண்டாம். ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அங்கேதான் பெட்ரோல் போகுது. அப்புறம் ஜாக்கி போட்டு, கியரை நியூட்ரலில் வச்சு, கையால சுத்திப் பாருங்க. தாராளமாச் சுத்தணும்.

நாலு வழிச் சாலையையும் சொல்லணும். திருச்சி-மதுரை ரோடு நாலு வழியா ஆகாத காலத்துல 60-க்கு மேல யாரும் போகல. இப்ப துவரங்குறிச்சி தாண்டினா 90, 100. வேகம் ஒன்றரை மடங்கானா காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். பெரும்பாலான 800-க்கு இருக்கிறது நாலு கியர்தான். இஞ்சின் கத்திக்கிட்டே ஓடும். மைலேஜ் குறையாம என்ன செய்யும்?

அடுத்தது கலவை. 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. வருவதற்கு முன் வந்த 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டி. ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1985-ல் தொடங்கிய யுகால் நிறுவனம், நம்ம மறைமலைநகரில் மாருதிக்குக் கார்புரேட்டர் செஞ்சு கொடுத்தது. கார்புரேட்டர் என்பது ஒரு சின்ன வாய்க்கால் மடை மாதிரி. காற்று வேகமாப் போகும்போது ஊசித்துளை அளவு ஜெட் வழியா பெட்ரோலை இழுத்துக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது முழுசா எரியறதுக்கான கணக்கு.

இந்த மடை கெடுறதுக்குப் பல வழி. சோக் ஒயர் துருப்பிடிச்சுப் பாதியிலேயே நிக்கும். உள்ளே குமிழைத் தள்ளிட்டோம்னு நினைப்போம், அங்கே வால்வு திறந்திருக்காது. ஃப்ளோட் ஊசி தேய்ஞ்சா பெட்ரோல் மட்டம் ஏறி வழியும். ஜெட் அடைச்சிருக்குன்னு யாராவது கம்பியை விட்டுக் குத்தியிருந்தா துளை பெரிசாகி, அதுக்கப்புறம் எப்பவுமே அதிகமாத்தான் குடிக்கும். ஏர் ஃபில்டர் அடைச்சாலும் காற்று குறைஞ்சு பெட்ரோல் கூடும். 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல பார்த்தாங்க. புது மாதிரி இஞ்செக்‌ஷன் கார்களில் ஃபில்டர் அடைச்சாலும் மைலேஜ் பெரிசாக் குறையல, ஏன்னா கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைச்சுக்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில்தான் 2 முதல் 6 சதவீதம் வரை வித்தியாசம். உங்க 800 எந்த வகைன்னு தெரிஞ்சுக்கிறது அதனாலதான் முக்கியம்.

கலவை சரியா இருக்கான்னு பிளக்கே சொல்லும். கழட்டிப் பாருங்க. முனை காப்பித்தூள் நிறத்துல இருந்தா நல்லது. கரிப்புகை படிஞ்சு கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா ஆயில் எரியுது. வெளுத்துப்போய் இருந்தா பெட்ரோல் போதல. இன்னொன்று, ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசம் அடிச்சு மட்டமும் ஏறியிருந்தா, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் இஞ்சின் ஆயிலுக்குள் இறங்குது. அதை அப்படியே ஓட்டினா மைலேஜ் மட்டுமில்லை, இஞ்சினே போயிடும்.

எம்.பி.எஃப்.ஐ. வந்ததுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் புது கார்களுக்குப் புகை சுத்தம் பண்ணும் கருவி கட்டாயமாகி, ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் போனது. புகையைக் கட்டுப்படுத்தணும்னா கலவையை நுணுக்கமாப் பார்க்கணும். அதுக்குக் கார்புரேட்டர் போதாது. அதனால சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்துச்சு. அந்த வண்டிகளில் மைலேஜ் குறைஞ்சா ஆக்ஸிஜன் சென்சாரையும் வெப்பநிலை சென்சாரையும் முதலில் சோதிக்கணும். வெப்பநிலை சென்சார் கெட்டுப்போய் இஞ்சின் குளிர்ந்திருக்குன்னே சொல்லிக்கிட்டிருந்தா, கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊத்தும்.

கடைசியா சூடு. இதுதான் நம்ம வெயில் நாட்டுல யாரும் கவனிக்காதது. இஞ்சினுக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கு. தண்ணி 80 டிகிரியைத் தாண்டுற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைச்சு வச்சு, இஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கும். வண்டி கொதிச்சா சில மெக்கானிக்குகள் முதல்ல செய்யறது இந்த வால்வைக் கழட்டி எறியறதுதான். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்பாங்க. கொதி நின்னுடும். ஆனா இஞ்சின் எப்பவும் பாதிச் சூட்டுலயே ஓடும். பெட்ரோல் சரியா ஆவியாகாது, ஆயில் கெட்டியாவே இருக்கும், உள் உராய்வு கூடும். காலையில ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. வால்வு இருந்தா சில நிமிசம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீர்னு சூடாகும். இல்லைன்னா ஆரம்பத்திலிருந்தே மெதுவா வெதுவெதுன்னு ஏறும். ரோட்டில் எவ்வளவு ஓட்டினாலும் மீட்டர் முள் கீழேயே கிடக்கும்.

எத்தனால் பங்கு எவ்வளவு?

இப்ப எத்தனாலுக்கு வருவோம். 2003 ஜனவரியில் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதம் கலக்கச் சொன்னாங்க. அடுத்து வந்த வறட்சியில் கரும்பு குறைஞ்சு, திட்டம் தடுமாறிச்சு. 2018-ல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டினாங்க. 2025-ல் 20 சதவீதம். 2030-க்குன்னு வச்ச இலக்கு அஞ்சு வருசம் முன்னாடியே வந்துட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேணும்னு போட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக இனி பங்கில் பெரும்பாலும் கிடைப்பது இ-20தான்.

ஒரு லிட்டர் எத்தனாலில், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற சத்தில் மூணில் ரெண்டு பங்குதான் இருக்கு. அஞ்சில் ஒரு பங்கு கலந்தா மொத்தத்தில் சுமார் 6 அல்லது 7 சதவீதம் குறையும். நான் சொல்லலைங்க. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும்னு இருக்கு. இ-20-க்கென்றே சரிசெய்த கார்களில் 1 அல்லது 2 சதவீதம்தான்.

16-ல் 7 சதவீதம் என்றால் 1.1. அதாவது எத்தனால் என் வண்டியை 16-லிருந்து 15-க்கு இறக்கலாம். 11-க்கு இறக்க முடியாது. "எத்தனாலால ஒண்ணுமே ஆகாது" என்பதும் பொய், "எல்லாம் எத்தனாலால" என்பதும் பொய்.

கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும் ரெண்டு விசயம் கூடுதல். எத்தனாலுக்கு வேண்டியது 9 பங்கு காற்றுதான். இஞ்செக்‌ஷன் வண்டி அதைக் கண்டுபிடிச்சுப் பெட்ரோலைக் கூட்டிக்கும். கார்புரேட்டருக்குக் கண் இல்லை, ஜெட் துளை மாறாது. அதனால கலவை மெலிஞ்சு, ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது வண்டி வெட்டி வெட்டிப் போகும். ரெண்டாவது, ரப்பர். பழைய ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலுக்குச் செஞ்சதில்லை. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாத்த வேண்டியிருக்கலாம்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. எத்தனால் தண்ணியையும் இழுக்கும். மழைக்காலத்துல மாசக்கணக்கில் நிறுத்திப்போட்ட வண்டின்னா டேங்க் அடியில் தண்ணி சேர்ந்திருக்கான்னு பார்க்கணும்.

நான் விவசாயி. அதனால இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். எத்தனால் இப்ப கரும்புல மட்டும் இல்லை, அரிசியிலும் மக்காச்சோளத்திலும் எடுக்கிறாங்க. 2024-ல் மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய்க் கம்பெனிகள் கொடுத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. ஒரு டன் மக்காச்சோளத்துல சுமார் 380 லிட்டர் எடுக்கலாம். நீங்க 25 லிட்டர் பெட்ரோல் போட்டா அதுல 5 லிட்டர் எத்தனால். அது முழுக்க மக்காச்சோளத்துல வந்ததுன்னு வச்சுக்கிட்டா, 13 கிலோ மக்காச்சோளம் உங்க டேங்கில் இருக்கு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுறவங்களுக்கு இதனால வாங்க ஆள் கூடினது நிஜம். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்களுக்குத் தீவன விலை ஏறினதும் நிஜம். ஆக லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறையறதை நான் முழுக்க நஷ்டம்னு எழுதமாட்டேன். அதுல கொஞ்சம் எங்களை மாதிரி ஒருத்தன் களத்துக்குத் திரும்பி வருது. ஆனா மீதி 4 கிலோமீட்டர் யாருக்கும் போகல. புகையாவும் சூடாவும் வீணாப் போகுது.

என் வண்டிக் கணக்கு

என்கிட்ட இருப்பது 1998 மாடல், கார்புரேட்டர். அதுவும் 16-லிருந்து 11-க்கு வந்தது. இ-20 வந்த நேரமும் அதுவும் ஒண்ணா இருந்ததால பார்த்தவங்க எல்லாம் எத்தனால்னாங்க. முதலில் ஒரு நோட்டுப் போட்டேன். ஒரே பங்கில், ஒரே பம்பில், முதல் கிளிக் சத்தம் வர்ற வரைக்கும் டேங்க் ரொப்பி, மீட்டரைக் குறிச்சு, அடுத்த முறை ரொப்பும்போது கணக்குப் போட்டேன். மூணு தடவை ரொப்பினாத்தான் நம்பலாம். பங்கில் அளவு மேல சந்தேகம் இருந்தா 5 லிட்டர் அளவுப் பாத்திரத்துல பிடிச்சுக் காட்டச் சொல்லலாம். அது ஒவ்வொரு பங்கிலும் இருந்தாகணும், கேட்கிறது நம்ம உரிமை.

பிறகு ஒவ்வொண்ணா, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் சரிசெஞ்சேன். எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்தினா எதனால மைலேஜ் ஏறிச்சுன்னு தெரியாது. ஒரு கோடையில் வண்டி கொதிச்சப்ப ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டைக் கழட்டியிருந்தாங்க. அதைத் திரும்பப் போட்டு, கொதிச்சதுக்கு நிஜக் காரணமான ரேடியேட்டர் அடைப்பையும் எடுத்ததும் 12.5 ஆச்சு. பின்சக்கரம் ஒண்ணு பிடிச்சிருந்ததைச் சரிபண்ணினதும் 13.4. ஃப்ளோட் ஊசி, ஏர் ஃபில்டர், டயர் காற்று எல்லாம் பார்த்த பிறகு 14.5. அங்கே நின்னுபோச்சு.

திருச்சிக்குப் போய் வர 120 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். 16 ஓடினா 750 ரூபாய். எத்தனாலால 15 ஆனா 800 ரூபாய். 11 ஓடினப்ப 1,090 ரூபாய். இப்ப 828 ரூபாய். எத்தனால் கேட்டது 50 ரூபாய். மீதி 290 ரூபாய் எத்தனால் பேரைச் சொல்லி வேற வழியாப் போய்க்கிட்டிருந்தது. ரிப்பேருக்குச் செலவான காசு அஞ்சாறு திருச்சிப் பயணத்துல திரும்பிடும்.

இதுல எனக்குக் கவலை வேற ஒண்ணு. என் வண்டிக் கார்புரேட்டரைக் காதால கேட்டே சரிபண்ணினவருக்கு அறுபது தாண்டிட்டது. அவர்கிட்ட தொழில் கத்துக்கப் பையன் யாரும் இல்லை. புதுசா வர்ற பசங்களுக்கு ஸ்கேனர் மாட்டத் தெரியும், நல்லாவே செய்றாங்க. ஆனா ஸ்கேனர் மாட்ட இடமே இல்லாத வண்டியைக் கொண்டுபோனா, "இது இ-20-க்கு ஆகாதுங்க, கொடுத்துடுங்க" என்பதுதான் சுலபமான பதில். அந்தப் பதிலைக் கேட்டு நல்ல வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டவங்க எங்க பக்கமே சிலர் இருக்காங்க.

உங்க வீட்டிலயும் அப்பா காலத்து 800 ஒண்ணு நின்னுக்கிட்டிருந்தா, விக்கிறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்கி மூணு டேங்க் கணக்கு எழுதிப் பாருங்க. 14, 15 வந்தா அது எத்தனாலும் வயசும், விட்டுடுங்க. 11, 12 வந்தா வண்டியில ஏதோ கோளாறு. மேல சொன்ன நாலு வழியையும் ஒண்ணொண்ணாப் பாருங்க. கார்புரேட்டர் தெரிஞ்ச வயசான மெக்கானிக் உங்க ஊர்ல இருந்தா, இந்த மாசமே போய்க் காட்டிடுங்க.